விழுந்தவுடன் வரும் சொல்

நடக்கப் பழகும் குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 17 முறை விழுகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் 12 முதல் 19 மாதக் குழந்தைகளின் விளையாட்டைப் படம்பிடித்து எண்ணி, 2012இல் வெளியிட்ட கணக்கு இது. அதே ஒரு மணி நேரத்தில் அக்குழந்தைகள் எடுத்து வைத்த அடிகள் சராசரியாக 2,368. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாம் மாதத்தில் வைத்து, தளர்நடையிடும் பிள்ளையை அருகே வரச்சொல்லிப் பாடினார்கள். அந்தத் தளர்நடைக்குள் எத்தனை விழுதல் அடங்கியிருக்கிறது என்பது பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும்.

அடால்ஃபின் ஆய்வுக்கூடம் பிறகு விழுதல்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தது. பெரும்பாலான தடவைகளில் குழந்தை அழவே இல்லை. சில நொடிகளில் எழுந்து, விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடர்ந்தது. குழந்தையின் எடை குறைவு, உயரம் குறைவு, விழும் வேகமும் குறைவு. உடலே சின்ன விழுதல்களுக்கென்று அமைந்திருக்கிறது.

அப்படியானால் இந்த அத்தியாயத்துக்கு உரியவை எவை? முழங்கால் சிராய்த்த, நெற்றி புடைத்த, விரல் கதவிடுக்கில் நசுங்கிய அந்தச் சில. குழந்தை ஒரு கணம் உறைந்து நின்று, வாயைத் திறப்பதா வேண்டாமா என்று யோசிப்பது போல நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கிறதே, அந்தக் கணம்தான் நமக்கு வேண்டியது. அப்போது நாம் என்ன சொல்கிறோம், எந்தக் குரலில் சொல்கிறோம், எங்கே தொடுகிறோம் என்பதைப் பற்றி அறிவியல் கடந்த 60 ஆண்டுகளில் நிறையவே கற்றிருக்கிறது.

இதைப் பேசக் கொச்சியின் மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. சில சதுர கிலோமீட்டருக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், தெலுங்கு, மராத்தி, உருது என்று வீட்டுக்கு வீடு பேச்சு மாறும். செர்லாயில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் கொங்கணிக் குடும்பங்கள். அவர்களின் முன்னோர் போர்ச்சுகீசியர் காலத்தில் கோவாவை விட்டு வந்தவர்கள். குஜராத்தி ரோட்டில் வணிகக் குடும்பங்களும் சமணக் கோயிலும் பள்ளியும். கொஞ்சம் தள்ளி ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் தோபி கானா. தலைமுறைகளாக அங்கே துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்களின் வீட்டுமொழி தமிழ். பஜார் ரோட்டின் பழைய கட்டடங்களில் மிளகும் சுக்கும் கீழே, குடியிருப்பு மேலே, நடுவில் செங்குத்தான மரப்படிகள். உயரமான நிலைப்படி, வழவழப்பான சிவப்புத் தரை, மழைக்காலத்தில் பாசி பிடித்த முற்றம். எல்லா மொழிப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் அங்கே விழுகின்றன. எடுத்துத் தேற்றும் சொற்கள் மட்டும் வேறு வேறு.

மலையாள வீட்டில் "சாரமில்ல, போட்டே" என்பார்கள். தமிழ் வீட்டில் "ஒண்ணுமில்லடா கண்ணு". குஜராத்தியும் ஹிந்தியும் பேசும் வீடுகளில் தரையைக் காட்டி, "அட, எறும்பு செத்துப்போச்சு பார்" என்பது வழக்கம். அடுத்து, எல்லா மொழியிலும் நடக்கும் ஒன்று உண்டு. பாட்டி, உம்மும்மா, அம்மாச்சி, யாராக இருந்தாலும் தரையை இரண்டு தட்டுத் தட்டி, "பாப்பாவை அடிச்சியா நீ?" என்று அதட்டுவார்.

இந்தச் சொற்களை எடைபோடும் முன், அவற்றுக்கும் முந்திய ஒன்றைப் பார்க்க வேண்டும். 1960இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஒரு மேசை செய்தார்கள். பாதி மேசைக்குக் கட்டம் போட்ட துணி மேலேயே ஒட்டியிருக்கும். மறுபாதியில் கண்ணாடி மட்டும், துணி ஆழத்தில் கிடக்கும். தவழும் குழந்தைக்கு அது பள்ளம்போலத் தோன்றும். விழாது, ஆனால் விழுவோம் என்று தோன்றும். 1985இல் ஜேம்ஸ் சோர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இந்த மேசையை வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தினார்கள். பள்ளத்தைச் சுமார் 30 செ.மீ. ஆழத்துக்குக் குறைத்தார்கள், போகலாமா கூடாதா என்று ஒரு வயதுக் குழந்தை சந்தேகப்படும் அளவு அது. எதிர்ப்பக்கத்தில் அம்மா நின்று, சொல்லித்தந்த முகபாவத்தை மட்டும் காட்டினார். மகிழ்ந்த முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 பேர் கண்ணாடியைக் கடந்து போனார்கள். பயந்த முகத்தைப் பார்த்த 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

இந்த ஆய்வின் இன்னொரு பகுதியை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். பள்ளமே தெரியாதபடி வைத்தபோது குழந்தைகள் அம்மாவின் முகத்தை அவ்வளவாகத் தேடவில்லை. தேடிய சிலரும் பயந்த முகத்தைக் கண்டு நிற்கவில்லை. ஆகவே முகம் எப்போதும் ஆட்சி செய்வதில்லை, குழந்தைக்குச் சந்தேகம் வரும்போதுதான் அது பேசுகிறது. விழுதலுக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். எலும்பு முறிந்த குழந்தை யார் முகத்தையும் பார்த்து முடிவு செய்யாது, அலறும். நெற்றியில் லேசாக இடித்துக்கொண்ட குழந்தைதான் நம்மைப் படிக்கிறது. அந்த நேரத்தில் நாம் "ஐயோ!" என்று பாய்ந்தால், அதற்கு விடை கிடைத்துவிட்டது.

முகமா குரலா, எது பெரிது? அம்ரிஷா வைஷும் ட்ரிசியா ஸ்ட்ரியானோவும் 2004இல் அதே மேசையில் சோதித்தார்கள். அம்மாவின் முகம் மட்டும் தெரிந்த குழந்தைகளைவிட, முகம் தெரியாமல் குரல் மட்டும் கேட்ட குழந்தைகள் விரைவாகக் கடந்தார்கள். அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் அம்மா திரும்பிப் பார்க்காமலே கொடுக்கும் குரலுக்கு அவ்வளவு வலிமை உண்டு.

அந்தக் குரலின் வடிவத்தை ஆராய்ந்தவர் ஆன் ஃபெர்னால்ட். குழந்தையைப் பாராட்டும்போது குரல் எழும்பி இறங்குகிறது. தடுக்கும்போது வெட்டிக் குத்துகிறது. தேற்றும்போது தாழ்ந்து, நீண்டு, வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பல மொழித் தாய்மார்களிடம் இந்த இராகங்கள் ஒத்திருப்பதை அவர் கண்டார். ஆங்கிலம் பேசும் வீட்டின் 5 மாதக் குழந்தைகளுக்கு ஜெர்மனிலும் இத்தாலியனிலும் பாராட்டையும் தடையையும் கேட்கவைத்தபோது, புரியாத மொழியிலும் அவை வேறுபாட்டை உணர்ந்து முகம் மாறின. பின்னர் கிரெகரி பிரையன்ட்டும் கிளார்க் பாரெட்டும் அமெரிக்கத் தாய்மார்களின் பேச்சைப் பதிவு செய்து ஈக்வடார் காட்டில் வாழும் ஷுவார் மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கிலமே அறியாத அவர்கள், தாய் பாராட்டுகிறாளா தடுக்கிறாளா தேற்றுகிறாளா என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள்.

மட்டாஞ்சேரித் தெருவில் இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படாது. கொங்கணிக் குழந்தை விழுந்தால் எதிர்வீட்டு உம்மா ஓடிவந்து எடுப்பார். அவர் பேசுவது குழந்தையின் வீட்டுமொழி அன்று. ஆனாலும் "போட்டே, போட்டே" என்று இறங்கும் அந்தக் குரலில் குழந்தை அடங்கும். சொல் புரிவதற்குப் பல மாதங்கள் முன்பே சொல்லின் இசை புரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் குழந்தைக்கு அவரும் ஒரு துணை.

இனி சொற்களுக்கு வருவோம். "எறும்பு செத்துப்போச்சு" என்பது கெட்டிக்காரத்தனமான வாக்கியம். பார்வை முழங்காலை விட்டுத் தரைக்குப் போகிறது. இல்லாத எறும்பைத் தேடும் பிள்ளையால் அதே நேரத்தில் வலியை முழுக் கவனத்தோடு தேட முடியாது. கவனம் விலகினால் வலி குறையும் என்பது வலியியலில் மிகவும் உறுதியாக நிறுவப்பட்ட உண்மைகளில் ஒன்று.

தரையை அடிப்பதில் கவனம் விலகுவதோடு இன்னொன்றும் இருக்கலாம். 2015இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜெனிவீவ் ஸ்வீயும் ஆனெட் ஷிர்மரும் பெரியவர்களைக் குளிர்ந்த நீரில் கையை வைத்துத் தாங்கச் சொன்னார்கள். வலிக்கும்போது "ஆவ்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், பேசாமல் இருந்தபோது தாங்கியதைவிட அதிக நேரம் தாங்கினார்கள். தங்கள் "ஆவ்" பதிவைக் காதால் கேட்டது பயன் தரவில்லை. ஆனால் வலிக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தியது பயன் தந்தது. உடல் ஏதோ ஒன்றைச் செய்வதே வலியின் பாதையில் குறுக்கிடுகிறது என்று அவர்கள் கருதினார்கள். பாட்டியோடு சேர்ந்து தன் குட்டிக் கையால் தரையை அடிக்கும் குழந்தையும் இதைத்தான் செய்கிறதோ என்பது என் ஊகம். அதை யாரும் சோதித்ததாக நான் சொல்லவில்லை.

ஆனாலும் தரையை அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் நிமிடத்தின் அழுகை நிற்கிறது, சரி. நடந்தது என்ன என்பது மாறிப்போகிறது. நிலைப்படி உயரமாக இருந்தது, கால் தடுக்கியது. அடுத்த முறை காலைத் தூக்கி வைக்க வேண்டும். குழந்தைக்குத் தேவையான இந்தச் செய்தி, எதிரியை அடித்துத் தீர்த்த திருப்தியில் காணாமல் போகிறது. "படி தடுக்கிடுச்சா? இங்க உயரமா இருக்கு பாரு, காலைத் தூக்கி வை" என்று அதே தரையைத் தொட்டே சொல்லலாம். கவனமும் விலகும், கைக்கும் வேலை கிடைக்கும், செய்தியும் சேரும்.

மிகவும் விரிவாகப் பேச வேண்டியது "ஒண்ணுமில்ல" என்ற சொல்லைப் பற்றி.

நம்மிடம் அது அன்பின் சொல். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் குழந்தைகளின் வலியை ஆராய்ந்தவர்கள் 1980களின் இறுதியிலிருந்தே எதிர்பாராத ஒன்றைக் கவனித்தார்கள். ஊசி போடும்போதும் இரத்தம் எடுக்கும்போதும் பெரியவர்கள் "ஒன்றுமில்லை, பரவாயில்லை, பயப்படாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்லும் நேரங்களில் குழந்தைகளின் தவிப்பு அதிகமாகவே இருந்தது. உடனே ஒரு ஐயம் எழும்: தவிக்கிற குழந்தையிடம்தானே அப்படிச் சொல்வோம், சொல்லால் தவிப்பு வந்ததா, தவிப்பால் சொல் வந்ததா? இதைப் பிரித்துப் பார்க்கக் கனடாவின் கிறிஸ்டின் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் 2002இல் ஒரு சோதனை நடத்தினார்கள். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 120 பேர். குளிர்ந்த நீரில் கை. ஒரு பகுதி அம்மாக்களுக்குத் தேற்றிப் பரிந்து பேசப் பயிற்சி தரப்பட்டது. இன்னொரு பகுதியினருக்கு வேடிக்கையாகப் பேசிக் கவனத்தைத் திருப்ப. பரிந்து தேற்றிய அம்மாக்களின் பெண்பிள்ளைகள் அதிக வலியைச் சொன்னார்கள். ஆண்பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இதை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சொல்லுக்கு ஒரு பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

ஏன் இப்படி? மேகன் மக்மர்ட்ரி 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. இரத்தம் எடுத்துக்கொண்ட 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு, அந்த நேரத்துப் படப்பதிவைப் போட்டுக் காட்டி, பெற்றோரின் மனநிலை என்ன என்று கேட்டார்கள். பெற்றோர் கவனத்தைத் திருப்பிப் பேசிய காட்சிகளைவிட, "பயப்படாதே" என்று தேற்றிய காட்சிகளில் பெற்றோர் அதிகம் பயந்திருப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அவர்கள் படித்தது நம் வாக்கியத்தை அல்ல, அதற்கு அடியில் நடுங்கும் நம் குரலை. முகம் வெளுத்து, கை பதறி, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமே இல்ல" என்று ஏழு தடவை சொன்னால், ஏதோ பெரிதாக இருக்கிறது என்றுதான் யாரும் முடிவு செய்வார்கள்.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் இருக்கிறது. குழந்தைக்கு வலி இருக்கிறது. நாம் இல்லை என்கிறோம். ஒன்றரை வயதில் தன் உடலைப் பற்றி அது நம்பும் ஒரே அகராதி நாம்தான். அந்த அகராதியில் எரிச்சலுக்கு நேரே 'ஒன்றுமில்லை' என்று எழுதிவைத்தால், நாளைக்கு வயிறு வலிக்கும்போது அது எந்தச் சொல்லைத் தேடும்?

மருத்துவமே நெடுங்காலம் பச்சைக் குழந்தைகளிடம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிவந்தது. 1980கள் வரை பல நாடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடும், சில நேரங்களில் தசையைத் தளர்த்தும் மருந்தை மட்டும் நம்பியும் அறுவை சிகிச்சை செய்தார்கள். நரம்பு முதிரவில்லை, வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது என்பது அன்றைய எண்ணம். அதை உடைத்தவர்களில் முதன்மையானவர் இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த். குறைமாதக் குழந்தைகளின் இதய அறுவையின்போது ஃபென்டனில் என்ற வலிநீக்கியைச் சேர்த்துக் கொடுத்தால் உடலின் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைகின்றன, பின்விளைவுகளும் குறைகின்றன என்று அவர் 1987இல் 'லான்செட்' இதழில் காட்டினார். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரெபெக்கா ஸ்லேட்டரின் குழு பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் மூளையைப் படமெடுத்தது. பாதத்தில் லேசாகக் குத்தும்போது பெரியவர்களின் மூளையில் விழித்துக்கொள்ளும் 20 பகுதிகளில் 18 பகுதிகள் குழந்தைகளிடமும் விழித்துக்கொண்டன.

வலி இருக்கிறது. அதற்குச் சொல் வேண்டும். மலையாளத்தில் சின்னக் குழந்தையின் காயத்துக்கு உவ்வாவு என்று பெயர்; தமிழ் வீடுகளில் உவ்வா. "மோளுக்கு உவ்வாவு பற்றியோ?" என்று தூக்கிக்கொள்ளும் அம்மா, தன்னை அறியாமல் மிகச் சரியான ஒன்றைச் செய்கிறார். நடந்ததை ஒப்புக்கொள்கிறார், பெயரிடுகிறார், குரலை இறக்குகிறார். இங்கிலாந்தில் லிண்டா ஃபிராங்கும் கூட்டாளிகளும் பெற்றோர்களைக் கேட்டு ஆராய்ந்தபோது, வலிக்கான சொற்கள் 12 மாதத்துக்கும் 30 மாதத்துக்கும் இடையில் குழந்தைகளிடம் மளமளவென்று பெருகுவது தெரிந்தது. அம்மாவை அழைக்கவும் பாலைக் கேட்கவும் கற்றுக்கொள்ளும் அதே மாதங்களில், எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் அது கற்றுக்கொள்கிறது. சின்னச் சிராய்ப்புகள் அந்தப் பாடத்தின் பயிற்சி நாட்கள்.

வலியில் நம் வாயிலிருந்து தானாக எழும் ஒலியும் வெறும் பழக்கமாகத் தெரியவில்லை. 2024இல் கடாஜினா பிசான்ஸ்கி, மாயா போன்சனே ஆகியோர் 131 மொழிகளின் உணர்ச்சிச் சொற்களை ஒப்பிட்டார்கள். வலியைக் காட்டும் சொற்களில் வாயை அகலத் திறக்கும் 'ஆ'வும், 'ஐ', 'ஔ' போன்ற ஒலிகளும் கண்டத்துக்குக் கண்டம் மிகுந்திருந்தன. தமிழன் 'ஐயோ' என்பதும் மலையாளி 'அய்யோ' என்பதும் அந்தப் பெரிய குடும்பத்தில் சேர்ந்தவை. ஆகவே குழந்தை அந்த ஒலியை எழுப்பினால் அடக்க வேண்டாம். நாம் அதை முந்திக்கொண்டு எழுப்பாமல் இருந்தால் போதும்.

சொல்லோடு கையும் சேர்கிறது. இடித்த இடத்தைத் தேய்த்துவிடுவதற்கான விளக்கம் 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் முன்வைத்த கதவுக் கோட்பாட்டிலிருந்து வந்தது. தண்டுவடத்தில் தொடுவுணர்வின் தடித்த நரம்புகள் பேசும்போது, வலியின் மெல்லிய நரம்புகள் அனுப்பும் செய்தி மட்டுப்படுகிறது. பிறகு வந்த ஆய்வுகள் இன்னொரு வகை நரம்பைக் காட்டின. மென்மையாக, மெதுவாக வருடும்போது மட்டும் விழிக்கும் நரம்பு அது. 2018இல் ஸ்லேட்டரின் குழுவினர் நொடிக்குச் சுமார் 3 செ.மீ. வேகத்தில் தூரிகையால் வருடியபோது, குத்தலுக்குக் குழந்தையின் மூளை காட்டும் வலிச் சலனம் குறைந்தது. வேகமாகத் தேய்த்தபோது குறையவில்லை. யாரும் சொல்லித் தராமலே பெற்றோர் தம் குழந்தையை வருடும் வேகம் ஏறக்குறைய இதே அளவில் இருப்பதை வேறொரு ஆய்வு கண்டிருக்கிறது. கேரள வீடுகளில் முறிவெண்ணெய் தொட்டு முழங்காலைத் தடவும் கையின் வேகமும் இதுவாகத்தான் இருக்கும். எண்ணெயின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு என்பது தனிக் கேள்வி. கையின் பங்கு பெரிது என்று நான் நம்புகிறேன்.

எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தனையும் சிறு காயங்களுக்கு. தலையில் அடிபட்ட குழந்தை நினைவிழந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்கினாலோ, காதிலோ மூக்கிலோ நீர் போல ஒழுகினாலோ, உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ, பேச்சுக்கு நேரமில்லை, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சூடு பட்டால் பற்பசையும் மாவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். புடைத்த நெற்றியை அழுத்தித் தேய்க்கக் கூடாது.

அழுகை நின்ற பிறகும் பேச்சு முடிவதில்லை. மாலையில் அப்பா வரும்போது குழந்தையே முழங்காலைக் காட்டும். அந்தக் காட்டலை அவசரமாகக் கடந்துவிடுகிறோம். நியூஃபவுண்ட்லாந்தில் கரோல் பீட்டர்சன், காயம்பட்டு அவசரப் பிரிவுக்கு வந்த சிறுபிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். காயம் பட்ட நேரத்தில் நடந்ததைச் சொல்லும் அளவுக்குப் பேச்சு வந்திருந்த பிள்ளைகளே அதைப் பின்னாளில் கோவையாகச் சொன்னார்கள். கல்கரியில் மெலனி நோயலின் குழு இன்னொரு அடி எடுத்து வைத்தது. டான்சில் அறுவை செய்துகொண்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு, நடந்ததைப் பற்றிப் பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று சொல்லித் தந்தார்கள். வலியை மறைக்காமல், ஆனால் அதைத் தாங்க உதவியவற்றையும் பிள்ளை செய்த நல்லதையும் சேர்த்துப் பேச வேண்டும். அப்படிப் பேசிய வீட்டுப் பிள்ளைகளின் நினைவில் வலி இருந்ததைவிடப் பெரிதாக ஊதிப்போகவில்லை. பழைய வலி நினைவில் பெரிதானால் அடுத்த ஊசிக்கு அச்சமும் பெரிதாகும் என்பதால் இது சின்ன லாபம் அன்று.

வீட்டில் இதைச் செய்வது எளிது. "காலையில என்ன ஆச்சு? படியில விழுந்தியா? அழுதியா? அப்புறம் யார் தூக்கினா? இப்ப வலி போயிடுச்சா?" குழந்தை இரண்டு சொல்லில் பதில் சொல்லும். மீதியை நாம் நிரப்பலாம். தொடக்கம், வலி, உதவி, குணம் என்று ஒரு கதை முழுமையாகும்.

பல மொழி வீடுகளுக்கு ஒரு சொல். 2003இல் கேத்தரின் ஹாரிஸும் கூட்டாளிகளும் துருக்கியும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்குச் சிறுவயதில் கேட்கும் கண்டிப்புச் சொற்களைக் கேட்கவைத்துத் தோலின் மின்மாற்றத்தை அளந்தார்கள். முதல் மொழியில் கேட்ட கண்டிப்புக்கே உடல் அதிகம் சிலிர்த்தது. சிறுவயதின் சொற்கள் உடம்பில் பதிகின்றன. பிள்ளை பள்ளிக்குப் போய் ஆங்கிலம் படிக்கட்டும், தெருவில் மலையாளம் பேசட்டும். முழங்காலைத் தடவும்போது உங்கள் வாய்க்கு இயல்பாக வரும் மொழியையே பேசுங்கள். அதில்தான் உங்கள் குரல் பொய் சொல்லாது.

நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14 வாரங்களிலும், பிறகு ஒன்பதாம் மாதத்திலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் ஊசிகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்ன வயதில் குழந்தைக்கு நம் பேச்சு புரியும். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். அரை நிமிடத்தில் அது பொய் என்று தெரிந்துவிடும், அடுத்த முறை உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது. "குத்தும்போது கொஞ்சம் வலிக்கும். அம்மா பிடிச்சுக்கிறேன். சீக்கிரம் போயிடும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். குத்தும் நேரத்தில் சன்னலுக்கு வெளியே காக்கையைக் காட்டுங்கள். முடிந்ததும் மெதுவாக வருடுங்கள். வீட்டுக்கு வந்ததும், ஊசி போட்ட கதையைக் குழந்தையையே சொல்ல விடுங்கள்.